மூடி மாறிய திங்கட்கிழமை

மே 6, செவ்வாய்

காலை எடை 61.8. நேற்றைவிட நூறு கிராம் குறைவு. தராசில் ஏறி நின்றால் என் மனைவி எண்ணைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் வேண்டுமென்றே உம்மென்று நின்றேன். “சொல்லித் தொலைங்க, நேரமாச்சு” என்றாள். சொன்னேன். சிரிக்கவில்லை, ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு போன வேகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

முதல் பேருந்து அவளுடையது. ஐந்து மணிக்கு ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போது நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி பன்னிரண்டு டன் வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பி டிப்போ வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதை ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அன்றிலிருந்து அவளிடம் குரலை உயர்த்துவதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் முதுகுவலிக்காக ஜிம்முக்குப் போனாள். வலி போய்விட்டது, ஜிம் போகவில்லை. இப்போது ஜூன் 22-ஆம் தேதி உடற்கட்டுப் போட்டி மேடை. சும்மா மேடை இல்லை, மருந்து தொடாதவர்களுக்கு மட்டுமான போட்டி. ஊசியில்லை, மாத்திரையில்லை. சாப்பாடு, இரும்பு, தூக்கம் மூன்றையும் வைத்து வளர்த்த உடம்பாக இருக்க வேண்டும். உறுதிமொழியில் கையெழுத்து, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் உண்டு.

பரிசு எனக்கு முக்கியம். அவளுக்கு அந்தப் பரிசோதனைதான் முக்கியம். அவள் வண்டியில் வரும் குண்டு கண்டக்டர் டிப்போ முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறான்: “ஊசி போடாம பொம்பளைக்கு இந்தக் கை வருமா?” அவள் காதுபடவே சொன்னான். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது குரல் நடுங்கவில்லை. “அவன் வாயை அடைக்க நான் பேசப்போறதில்லைங்க. டெஸ்ட் பேப்பர்ல வரட்டும்.”

மே 18, ஞாயிறு

எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் ஆய்வுக்கூடம். கோழி நெஞ்சுக்கறியை அவித்து, நூற்றிருபது கிராம் வீதம் டப்பாக்களில் அடைத்தேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். மயிரிழை பிசகினாலும் ஆளுக்குத் தலைவலி வந்துவிடும். அந்தக் கைக்குக் கோழிக்கறி என்ன பெரிய காரியம்? நூற்றிருபது என்றால் நூற்றிருபதுதான், நூற்றிருபத்தொன்று ஆனால் பிய்த்து என் வாயில்.

முட்டையில் வெள்ளை அவளுக்கு, மஞ்சள் எனக்கும் அப்பாவுக்கும். வீட்டில் ஒருத்தி இளைக்க, இரண்டு ஆண்கள் பெருத்துக்கொண்டிருக்கிறோம்.

பிறகு மாத்திரைப் பெட்டிகள். கடையில் உதிரி பாகங்கள் போட்டு வைக்கிற ஏழு அறைப் பெட்டிகள் இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று அவளுக்கு: சத்து மாத்திரைகள், மீன் எண்ணெய் உருண்டை, எல்லாம் போட்டிக் குழு அனுமதித்தவை. இன்னொன்று அப்பாவுக்கு: ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, இன்னும் இரண்டு. சாப்பாட்டு மேசையில் அவள் வலது பக்கம் உட்காருவாள், அப்பா இடது பக்கம். அதனால் மூடிகளில் ‘வ’, ‘இ’ என்று ஒட்டியிருக்கிறேன். தொழில் புத்தி.

மாலை அலமாரிக் கண்ணாடி முன் போஸ் பழகினாள். முதுகைக் காட்டி, கைகளை விரித்து, ஒரு நிமிடம். ஒரு நிமிடம் சிரித்தபடி நிற்பது நூறு கிலோ தூக்குவதைவிடக் கஷ்டம் என்கிறாள். தொடை நடுங்குகிறது, முகம் மட்டும் பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிற்பதுபோல் சிரிக்கிறது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். “அம்மா, அந்த எடது தோள் கொஞ்சம் எறங்குது பாரு” என்றார். ஆரம்பத்தில் இவர்தான் “மருமக சட்டையைக் கழட்டிட்டு மேடையில நிக்கணுமா?” என்று ஒரு மாதம் என்னிடம் பேசாமல் இருந்தவர். இப்போது நடுவர்.

மே 27, செவ்வாய்

பசி அவளைத் தின்கிறது. கடைசி நிறுத்தத்தில் டப்பாவைத் திறந்து சாப்பிடும்போது பக்கத்தில் யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்த சத்தத்துக்கே கண்ணீர் வந்துவிட்டதாம். வெட்கமாகச் சொன்னாள். அந்தப் பசியோடு எட்டு மணி நேரம் வண்டி ஓட்டியும் யார்மேலும் எரிந்து விழவில்லை. என்னைத் தவிர.

ஜூன் 2, திங்கள்

வாராந்திர ஓய்வு அவளுக்கு. நான் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஜிம்முக்குக் கூடப் போனேன்.

அவளுடைய மாஸ்டரை எல்லோரும் ‘அரைக்கிலோ’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அரைக்கிலோ ஏறினதா இறங்கினதா என்று சொல்லிவிடுவார். என்னைப் பார்த்து, “மூணு ஏறியிருக்கு சார். மஞ்சக் கருதானே?” என்றார். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இன்று கால்களுக்கான நாள். தோளில் கம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாள். எட்டாவது தடவையில் எழ முடியாது என்றுதான் நினைத்தேன். பாதி வழியில் நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமெல்லாம் ஏறிவிட்டது. அரைக்கிலோ கம்பியைத் தொடவில்லை, “உன்னோடது, உன்னோடது” என்று மட்டும் சொன்னார். அந்த இடத்தில் நின்றபடியே ஒரு மூச்சு எடுத்தாள். எழுந்துவிட்டாள்! அப்புறம் ஒன்பதாவது வேறு செய்தாள். எனக்குக் கை தட்டத் தோன்றியது, அங்கே யாரும் தட்டுவதில்லை என்பதால் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டு வருடமாக இவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். இவ்வளவு பிடிவாதம் இந்த உடம்பில் எங்கே இருந்தது? சண்டையில் பார்த்ததெல்லாம் வெறும் சாம்பிள்.

ஜூன் 8, ஞாயிறு

டப்பாக்கள் முடிந்தன. மாத்திரைப் பெட்டிகளின் மூடியில் பிசுக்கு ஏறியிருந்தது. கழுவிக் காயவைத்து, நிரப்பிய பிறகு மூடினேன். எடை 58.9. இன்னும் இரண்டே வாரம்.

ஜூன் 9, திங்கள், மாலை

இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

ஓய்வு நாள் என்பதால் காலையிலிருந்து வீட்டில்தான் இருந்தாள். தலை லேசாகச் சுற்றுகிறது என்றாள், பத்துத் தடவை கழிப்பறைக்குப் போனாள். பசியால் இருக்கும் என்று விட்டுவிட்டோம். மூன்று மணிக்கு ஜிம்மில் போஸ் பழக மேல்சட்டையைக் கழற்றினாள் பாருங்கள், ஆளாளுக்குக் கையில் இருந்த இரும்பைக் கீழே வைத்துவிட்டார்கள். வயிற்றில் ஒவ்வொரு கட்டும் தனித்தனியாக. தோளில் நரம்பு படம் போட்டதுபோல். எடை 57.5. ஒரே நாளில் ஒன்று நானூறு! தினமும் அவளைப் பார்த்து முறைக்கிற ஒரு மீசைக்காரர்கூட எழுந்து வந்து, “அக்கா, இப்பவே மேடை ஏறலாம்” என்றார். நான் ஏதோ நானே பெற்று வளர்த்ததுபோல் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். என் கோழிக்கறி, என் கிராம் கணக்கு என்று எல்லோரிடமும் அளந்தேன்.

அரைக்கிலோ மட்டும் சிரிக்கவில்லை. அவள் கணுக்காலை அழுத்திப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். “இது சாப்பாட்டால வந்தது இல்ல. தண்ணி போயிருக்கு. என்ன சாப்பிட்டே?” அவள் வழக்கமானதுதான் என்றாள். மனுஷனுக்குப் பாராட்டவே வராது என்று நினைத்துக்கொண்டேன்.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

அப்பா சொன்னார்: “டேய், காலையில போட்ட மாத்திரை மீன் நாத்தம் அடிக்குதுடா. ஏப்பம் விட்டா கடலோரம் நிக்கிற மாதிரி இருக்கு.”

நான் சிரித்தேன். பாதி சிரிப்பில் நின்றுவிட்டேன்.

அப்பாவின் காலைப் பார்த்தேன். வீங்கியிருந்தது. செருப்பு நுழையவில்லையாம்.

பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ‘வ’ மூடி போட்ட பெட்டியில் அப்பாவின் மாத்திரைகள். ‘இ’யில் அவளுடையவை. மூடி மாறிவிட்டது. நான்தான். நான்தான் மாற்றி மூடியிருக்கிறேன். எப்படி? கடையில் மூக்குக்கண்ணாடி எப்போதும் எங்களைப் பார்த்தபடி இருக்கும். போடுகிறவருக்கு வலது கண் எங்களுக்கு இடது பக்கம். பத்தொன்பது வருடமாக ‘வ’ என்று எழுதியதை எடுத்தால் என் கை இடது பக்கம்தான் போகும். நேற்றும் ‘வ’ மூடியோடு இடது பக்கம் இருந்த அப்பாவின் பெட்டிக்குப் போயிருக்கிறது. யோசிக்காமல். கை தானாக.

அவள் காலையில் அரைத் தூக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நாலையும் வாயில் கொட்டிக்கொண்டு தண்ணீர் குடிப்பாள். பார்க்கவே மாட்டாள். நான் நிரப்பியது என்பதால் பார்க்க மாட்டாள்.

நீர் மாத்திரை. தடைப் பட்டியலில் இருக்கிறது. உடம்பை வற்றவைத்து நரம்பு காட்ட ஏமாற்றுக்காரர்கள் சாப்பிடுவது அதைத்தான். ஊசிக்காரர்களோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேனே சாயங்காலம். எதுக்கு நின்னேன்?

ஜூன் 10, செவ்வாய்

விடியுமுன் எழுந்து மூடிகளை மாற்றிவிட்டேன். அவள் எப்போதும்போல் விழுங்கிவிட்டு வேலைக்குப் போனாள். அப்பாவுக்கு டாக்டரிடம் கேட்டு உரிய மாத்திரையைக் கொடுத்தேன், வீக்கம் வடிகிறது.

கடையில் ஒரு லென்ஸை உடைத்தேன்.

நாள் முழுக்க ஒரே யோசனை. நாளைக்கு அவள் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும்: ‘தடை செய்யப்பட்ட எதையும் நான் உட்கொள்ளவில்லை.’ அவளுக்குத் தெரியாது. தெரியாமல் கையெழுத்துப் போட்டால் அது பொய்யே இல்லையே? ஒரே ஒரு மாத்திரை. பன்னிரண்டு நாளில் உடம்பில் என்ன மிச்சம் இருக்கப்போகிறது? நான் வாயை மூடிக்கொண்டால் அவள் சுத்தம். பாவம் என்னோடு போகட்டும். இது தியாகமா, கோழைத்தனமா? தியாகம் என்றுதான் மதியம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலை அவள் வந்து சீருடைகூட மாற்றாமல் அந்தப் படிவத்தை மேசையில் விரித்து ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. “நான் இத்தனை படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன், சந்தோஷமா போடப்போறது இதுதாங்க” என்றாள்.

சொல்லிவிட்டேன்.

முழுசாகச் சொன்னேன், மூடி, கை, மீன் ஏப்பம் எல்லாம். அவள் முதலில் கேட்டது: “மாமாவுக்கு ஒண்ணும் ஆகலையே?” ஒன்றும் இல்லை என்றேன். “நேத்து எனக்கு ஓய்வு நாளா இல்லாம இருந்தா? தலை சுத்திக்கிட்டு வண்டியில உட்கார்ந்திருப்பேன். அறுபது பேர் இருப்பாங்க பின்னாடி.” அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. கத்தவில்லை. “நாலு வருஷங்க. ஒரு இருமல் மருந்துகூடக் குடிச்சதில்ல நான்” என்றாள். படிவத்தை மடித்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 11, புதன்

அவளே போட்டிக் குழுவுக்குப் போன் செய்தாள், ஒலிபெருக்கியில் போட்டு, அப்பாவையும் என்னையும் எதிரில் உட்காரவைத்து. நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன், அரைக்கிலோவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று. “அவர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். ‘போனை எடு’ன்னாரு” என்றாள்.

எதிர்முனையில் ஒரு செயலாளர் அம்மா. இவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள், மாத்திரையின் பெயர், அளவு, தேதி, நேரம். அந்த அம்மா தேதியை இன்னொரு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டாள். “இதை நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே, புரியுதா?” என்றாள்.

“எனக்குத் தெரியுமே மேடம்.”

இரண்டே சொல். (மேடம் கணக்கில் சேராது.) அப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். இப்படி ஒருத்தியோடு வாழ்ந்துகொண்டு நேற்று மதியம் வரை நான் என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்!

முடிவு: மேடை ஏறலாம். ஆனால் என்ன இடம் வந்தாலும் அது தற்காலிகம். போட்டி முடிந்த பிறகு விசாரணைக் குழு கூடித் தீர்ப்புச் சொல்லும். விதி கடுமையானது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 14, சனி

பேச்சு அளவோடுதான். ஆனால் தராசில் ஏறினால் இன்னும் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். போன தண்ணீரெல்லாம் திரும்பிவிட்டது, 58.6. இனி நேர்வழியில் இறங்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

மேடைக்குப் பின்னால் அறை முழுக்கப் பழுப்புச் சாயத்தின் வாடை. விளக்கு வெளிச்சத்தில் தசை தெரிய உடம்பெல்லாம் பூச வேண்டும். முதுகுக்கு நான்தான் பூசினேன், சுவருக்கு அடிக்கிற சின்ன உருளையால். “திட்டு விழாம பூசுங்க. அதையாவது ஒழுங்கா செய்ங்க” என்றாள். பன்னிரண்டு நாளில் என்னிடம் அடித்த முதல் கிண்டல். பூசின இடத்திலேயே இன்னொரு தடவை பூசினேன்.

நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ஏழு பேர். கடைசியில் இரண்டு பேர் நடுவில் நின்றார்கள், இவளும், டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிற ஒரு அக்காவும். அந்த அக்காவின் முதுகு இருக்கிறதே, கதவு மாதிரி. முட்டி போட்டே வேலை பார்த்து வந்த தொடை. நடுவர்கள் இருவரையும் மறுபடி மறுபடி திரும்பச் சொன்னார்கள். முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு. நாலாவது தடவை முதுகைக் காட்டி நின்றபோது இவள் கால் நடுங்குவது எட்டாவது வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. முகத்தைத் திருப்பினாள், அதே சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை அது பழகிய சிரிப்பு இல்லை, நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த மேடையில் நிற்பது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

முதல் இடம்!

அப்பா எழுந்து நின்று, “என் மருமக! என் மருமக!” என்று பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் உலுக்கினார். பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். இறங்கி வந்ததும் அதைக் கழற்றி எடுத்துவந்த துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். “ஒரு போட்டோ எடுத்துக்கலாமே” என்றேன். “தீர்ப்பு வரட்டுங்க” என்றாள். அரைக்கிலோ அவள் தலையில் கை வைத்தார். அந்த ஆள் அழுது நான் இன்றுதான் பார்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

கடிதம் வந்தது. உட்கொண்டது அறியாமல் என்பதைக் குழு ஏற்கிறது. தானே முன்வந்து சொன்னதால் தடை எதுவும் இல்லை, அடுத்த ஆண்டு போட்டியிடலாம். ஆனால் விதிப்படி இந்த ஆண்டின் முதல் இடம் ரத்து. பதக்கம் இரண்டாவதாக வந்தவருக்குச் சேர வேண்டும்.

நான் இரண்டு தடவை படித்தேன். அவள் ஒரு தடவை. “சரியாத்தான் எழுதியிருக்காங்க” என்றாள். பிறகு குளிக்கப் போனாள், ரொம்ப நேரம் குழாய்ச் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் சாய்ந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மன்னிச்சிடு என்று சொன்னேன். “சும்மா இருங்க” என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

தபாலில் அனுப்பலாம் என்று நான் சொன்னதற்கு, கையில்தான் கொடுப்பேன் என்றுவிட்டாள். இன்று அவளுக்கு வண்டி. டைல்ஸ் அக்கா கடைசி நிறுத்தத்துக்கே வருவதாகச் சொல்லியிருந்தாள். நானும் அதே பேருந்தில் ஏறிக்கொண்டேன். குண்டு கண்டக்டர்தான் வண்டியில்.

கடைசி நிறுத்தத்தில் அந்த அக்கா காத்திருந்தாள், விரல் இடுக்கில் வெள்ளைச் சிமெண்டு. இவள் வண்டியிலிருந்து இறங்கி, துணியைப் பிரித்துப் பதக்கத்தை நீட்டினாள். அந்த அக்கா வேண்டாம் என்று போலியாக இழுக்கவில்லை. “எனக்குச் சேர வேண்டியது, வாங்கிக்கறேன்” என்று வாங்கினாள். பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. இவளுக்கும்தான், முகத்தில் தெரிந்தது.

“ஆனா அன்னைக்கு நாலாவது தடவை திரும்பச் சொன்னப்ப என் கால் செத்துருச்சு. உங்களுக்கு எப்படி நின்னுச்சு?” என்று கேட்டாள்.

“எனக்கும்தான் செத்துருச்சு. உங்களைப் பார்த்துத்தான் நின்னேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அங்கேயே சட்டைக் கையைச் சுருட்டி, தோளை முன்னால் தள்ளி, முன்கையைத் திருப்பி, ஒருத்திக்கு ஒருத்தி காட்டிக்கொண்டிருந்தார்கள். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். “அடுத்த ஜூன்ல திருப்பி வாங்கிக்கறேன்” என்றாள் இவள். “வந்து வாங்கிக்கங்க” என்றாள் அந்த அக்கா.

கண்டக்டர் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, அது ஜெயிச்ச மெடல்தானே? எதுக்குக் குடுத்துட்டாங்க?”

சொன்னேன். நான் செய்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

“ஒரே ஒரு மாத்திரையா? அதுவும் கால் வீக்கத்துக்கா?”

“ஒரே ஒரு மாத்திரை.”

“யாரு கண்டுபிடிச்சா?”

“யாரும் கண்டுபிடிக்கல. அவளேதான் போன் பண்ணிச் சொன்னா.”

அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நிறுத்தங்களுக்கு யாருக்கும் டிக்கெட்கூடக் கொடுக்கவில்லை. ஒரு கிழவர் திட்டிய பிறகுதான் எழுந்தான்.

டிப்போவில் வண்டி நின்றதும் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றான். தொப்பையை ஒரு கையால் தடவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: “அக்கா, அந்த ஜிம்மு எத்தனை மணிக்குத் திறப்பாங்க?”

அவள் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“அஞ்சு மணிக்கு. ஆனா அங்க ஊசியெல்லாம் கிடையாது, பரவாயில்லையா?”